கோதுமைக் கதிரின் கோடுகள்

பழைய அமெரிக்கப் பென்னி ஒன்றை, அதாவது ஒரு சென்ட் காசை, அனுபவம் உள்ள சேகரிப்பாளர் கையில் கொடுத்துப் பாருங்கள். லிங்கனின் முகத்தில் அவர் அதிக நேரம் நிற்க மாட்டார். ஆண்டைப் பார்ப்பார், உடனே திருப்பிப் போடுவார். பின்பக்கத்தில் எழுத்துகளுக்கு இருபுறமும் இரண்டு கோதுமைக் கதிர்கள் வளைந்து நிற்கும். அவற்றின் மேல்பாதியில் முடி கனத்துக்கு இணைகோடுகள் ஓடும். அவர் கண் தேடுவது அந்தக் கோடுகளை.

1909 முதல் 1958 வரை ஐம்பது ஆண்டுகள் அச்சான இந்தக் காசை அங்கே ‘வீட் பென்னி’ என்பார்கள். தாத்தா விட்டுப்போன ஜாடி, பாட்டியின் தையல் பெட்டி, பழைய வீட்டு மேசையின் இழுப்பறை என்று எங்கிருந்தாவது அது வந்துகொண்டே இருக்கும். கண்டெடுத்தவருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கும். எண்பது வருடப் பழசு ஆயிற்றே, எவ்வளவு தேறும்? பெரும்பாலும் சில சென்ட் தேறும். நாணயக் கடைக்காரர்கள் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுகூட இல்லை. நிறுத்து வாங்குகிறார்கள். ஒன்று 3.11 கிராம், ஒரு பவுண்டுக்குச் சுமார் 146 காசு. 1944-ல் பிலடெல்பியா நாணயச் சாலை மட்டும் 143 கோடிக்கு மேல் பென்னி அடித்துத் தள்ளியது. அத்தனை கோடியில் ஒன்று பழசாகிவிட்டது என்பதற்காக அதற்குக் கூடுதலாக யாரும் பணம் தரப்போவதில்லை. இந்த விலையில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. சரியான விலைதான். அந்தச் சில சென்ட்டுக்கு என்னென்ன பார்க்கக் கிடைக்கிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

முதலில் தேய்மானத்தைப் பார்ப்போம். காசு கைமாறக் கைமாற அதன் மேடுகள் தேய்கின்றன. எது முதலில் தேயும், எது கடைசிவரை நிற்கும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் படித்துத்தான் தரம் போடுகிறார்கள். கதிர்க் கோடுகள் முற்றாக மறைந்து, ஆண்டை மட்டும் படிக்க முடிகிறதா? தரவரிசையில் அது அடிப்படி. கதிரின் மேல்பாகத்தில் பாதிக் கோடுகளாவது தென்பட்டால் ஒரு படி மேலே. மங்கலாகவேனும் எல்லாக் கோடுகளையும் கண்ணால் தொடர முடிந்தால் அடுத்த படி. அதற்கு மேல் போனால் பார்வை முன்பக்கம் திரும்புகிறது. லிங்கனின் கன்ன எலும்பும் தாடை எலும்பும் தேய்ந்திருந்தும் இரண்டும் தனித்தனி மேடுகளாக நிற்கின்றனவா, ஒன்றோடொன்று கலந்துவிட்டனவா? அந்த இரண்டு எலும்புகளுக்கும் இடையிலுள்ள பள்ளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஆனாலும் அரிய ஆண்டு ஒன்றில் அந்தப் பள்ளம் பல நூறு டாலர் பெறும். 1944-ல் அதே பள்ளம் இருந்தால் ஒரு நயா பைசாகூட ஏறாது. பார்க்க வேண்டிய விஷயம் இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் கண்ணைப் பழக்க மலிவான காசைப் போல வேறொன்று இல்லை என்கிறேன்.

லிங்கனுக்கு முந்தைய பென்னியிலும் இதே விளையாட்டு உண்டு. 1859 முதல் 1909 வரை வந்த அந்தக் காசை வடிவமைத்தவர் ஜேம்ஸ் லாங்கேக்கர். சுதந்திர தேவி செவ்விந்தியரின் இறகுக் கிரீடம் அணிந்து இடப்பக்கம் பார்த்திருப்பாள். தன் மகளை வைத்துத்தான் அவர் அந்த முகத்தைச் செதுக்கினார் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. ஆய்வாளர்கள் அதை நம்புவதில்லை. நமக்கு வேண்டியது முகம் அல்ல, நெற்றிப்பட்டி. அதில் ‘லிபர்ட்டி’ என்ற சொல் பொடி எழுத்தில் இருக்கும். காசின் மேடான பகுதியில் அது இருப்பதால் சுதந்திரம்தான் முதலில் தேய்கிறது! எழுத்து எதுவும் தெரியாவிட்டால் அடிநிலை. சில எழுத்துகள் தட்டுப்பட்டால் ஒரு படி ஏற்றம். சொல் அநேகமாக முழுதும் தெரிந்தால் இன்னொரு படி. 1907-ல் இந்தக் காசு 10 கோடியைத் தாண்டி அச்சானது. தேய்ந்த 1907 இன்றும் இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கும். அதே உருவம், அதே தேய்மானம், ஆண்டு மட்டும் 1877 என்றால் விலை பல நூறு டாலர். அந்த ஆண்டு அடித்தது எட்டரை லட்சம் மட்டும்.

இந்தத் தரவரிசைக்கு இன்று 1 முதல் 70 வரை எண் கொடுக்கிறார்கள். தங்க நாணயத்துக்கும் வெள்ளி நாணயத்துக்கும்கூட இதே எண்தான். நூற்றைம்பது இல்லை, நூறு இல்லை, எதற்கு 70? அது பென்னி போட்ட பிச்சை. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் அமெரிக்காவின் தொடக்ககாலப் பெரிய செம்பு சென்ட்டுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1794-ஆம் ஆண்டுக் காசுகளின் சந்தை விலையைக் கவனித்தபோது, அடையாளம் மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்த காசு ஒரு டாலர் என்றால், அச்சிலிருந்து அப்படியே வந்தது போன்ற காசு ஏறத்தாழ 70 டாலர் போவதைக் கண்டார். எண்ணை அடிநிலைக் காசின் விலையால் பெருக்கினால் சந்தை விலை வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சில ஆண்டுகளிலேயே அந்தக் கணக்கு பொய்த்தது. எண் மட்டும் நின்றுவிட்டது. இந்த ஷெல்டனே நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் சங்கச் சேகரிப்பிலிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தன்னிடமிருந்த மட்டமானவற்றை அங்கே வைத்தார் என்பது அவர் இறந்த பிறகு தெரியவந்தது. ஒரு படி உசத்தி என்றால் என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

தேய்மானத்துக்கு அடுத்தது நிறம். அச்சிலிருந்து புதிதாக விழும் செம்புக் காசு ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும். காற்றும் கைவியர்வையும் பட்டுச் சில மாதங்களில் அது மங்கத் தொடங்கும். முழுச் சிவப்பு, சிவப்பும் பழுப்பும் கலந்தது, முழுப் பழுப்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். முழுச் சிவப்பு என்று சொல்ல வேண்டுமானால் மேற்பரப்பில் அநேகமாக முழுதும் பழைய நிறம் தங்கியிருக்க வேண்டும். 1926-ல் சான்பிரான்சிஸ்கோ நாணயச் சாலை 45 லட்சம் பென்னி அடித்தது. தேய்ந்த பழுப்பு நிறத்தில் அது சில டாலருக்குக் கிடைக்கும் சாதாரணக் காசு. துல்லியமான அச்சோடு முழுச் சிவப்பில் வேண்டும் என்றால் ஆயுள் முழுக்கத் தேடலாம். ஒரே ஆண்டு, ஒரே ஊர். ஒரு நிறத்தில் சாதாரணம், இன்னொரு நிறத்தில் அபூர்வம்.

இங்கே நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கறுத்த செம்பைக் கண்டதும் நம் கை தானாகப் புளியைத் தேடும். கூடாது. புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் காசு பளிச்சென்று ஆகும், விலை அதோடு போய்விடும். தேய்த்த செம்பு இளஞ்சிவப்பாகச் செத்த நிறத்தில் இருக்கும். சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் ஆயிரம் கீறல்கள் மின்னும். புழங்காத இயல்பான செம்பில் ஒளி ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி வட்டமாகச் சுழலும். கடைக்காரருக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு நொடி போதும். பச்சைக் களிம்பு ஏறிய காசானாலும் விட்டுவைப்பதே மேல்.

பழுப்பைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். எனக்கு முழுச் சிவப்பைவிட நல்ல பழுப்புதான் பிடிக்கும். அதிலும் ஒரு வகை உண்டு: உலோகக் கலவை சரியாகக் கலக்காமல், செம்போடு சேர்த்த வெள்ளீயமும் துத்தநாகமும் திட்டுத் திட்டாக நின்றுபோய், தகடாக உருட்டும்போது நீள இழைகளாக இழுபட்டிருக்கும். பழுக்கும்போது அந்த இழைகள் வேறு வேறு நிறத்தில் கறுத்து, காசு முழுக்கத் தேக்குப் பலகையின் வரிகள் ஓடுவதாகத் தோன்றும். ‘வுடி’ என்று செல்லமாக அழைத்து இவற்றை மட்டும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆலைக் கணக்கில் இது பிழை. லிங்கனின் கன்னத்தில் குறுக்காக ஓடும் அந்த வரிகளை ஒருமுறை பார்த்தவர் பிழை என்று சொல்ல யோசிப்பார்.

இனி எழுத்து. பென்னி வரலாற்றில் மூன்று எழுத்துகள் கிளப்பிய கலவரம் சாதாரணமானது அல்ல. லிங்கன் பிறந்த நூற்றாண்டு 1909. அதையொட்டி அவர் உருவத்தைப் பென்னியில் கொண்டுவர அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் விரும்பினார். அதுவரை புழக்கத்துக்கு வந்த அமெரிக்க நாணயங்களில் உண்மையான மனிதர் யாரும் இல்லை, எல்லாம் சுதந்திர தேவி வகையறாதான். லிதுவேனியாவில் பிறந்து 1890-ல் பிழைக்க வந்த யூதச் சிற்பி விக்டர் டேவிட் பிரென்னர், 1907-ல் தான் செய்திருந்த லிங்கன் தகட்டை வைத்து இந்த உருவத்தை உருவாக்கினார். பின்பக்கத்தில் கதிர்க் காம்புகள் சேரும் அடியில், விளிம்பை ஒட்டித் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பொறித்தார்: வி.டி.பி. ஆகஸ்ட் 2-ஆம் தேதி காசு வெளியானது. வாங்க வரிசை நின்றது. கூடவே, ஒரு சிற்பி நாட்டின் காசில் தனக்கு விளம்பரம் தேடிக்கொள்வதா என்ற கூச்சலும் கிளம்பியது. மூன்றே நாளில் நிதியமைச்சர் மெக்வீ அந்த எழுத்துகளை எடுக்கச் சொல்லிவிட்டார்.

மூன்றுக்குப் பதில் ஒரே ஒரு ‘பி’ எழுத்தைச் சின்னதாக வைக்கலாம் என்றும் பேச்சு வந்தது. நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்ல்ஸ் பார்பருக்கு அது பிடிக்கவில்லை. தன் நாணயங்களில் அவர் வைத்திருந்த குறியும் ‘பி’தான். கடைசியில் எதுவும் வேண்டாம் என்று மொத்தமாக நீக்கினார்கள். பார்பர் 1917-ல் காலமானார். 1918-ல் வி.டி.பி. திரும்பி வந்தது! இந்த முறை பின்பக்கத்தில் அல்ல. லிங்கனின் தோளை வெட்டி முடித்திருக்கும் சரிவில், லென்ஸ் இல்லாமல் தெரியாத அளவில். அதன் பிறகு வந்த எந்தப் பென்னியை எடுத்தாலும் தோளடியில் பிரென்னர் இருக்கிறார். கோடிக்கணக்கானவர்கள் கையில் அவர் கையெழுத்து இருந்தும் பார்த்தவர்கள் கொஞ்சம்.

நீக்குவதற்குள் பிலடெல்பியாவில் 2 கோடியே 80 லட்சம் அடித்திருந்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 4,84,000. சான்பிரான்சிஸ்கோ காசில் ஆண்டுக்குக் கீழே ‘எஸ்’ என்ற சாலைக் குறி இருக்கும், பிலடெல்பியா காசில் குறி இராது. அந்த ஓர் எழுத்துக்கு இருபுறமும் இரண்டு உலகம். குறியில்லாத 1909 வி.டி.பி. தேய்ந்த நிலையில் பத்துப் பதினைந்து டாலர். ‘எஸ்’ உள்ளது அறுநூறு எழுநூறிலிருந்து தொடங்கும். அதனால் ‘எஸ்’ எழுத்தை ஒட்டவைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஏமாறாமல் இருக்க விரும்புகிறவர்கள் அந்த எழுத்தின் மேல்வளைவுக்குள் அச்சில் உண்டான ஒரு குட்டிப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் எழுத்து, அதற்குள் ஒரு வளைவு, அதற்குள் ஒரு புள்ளி.

குறியில்லாத 1909 வி.டி.பி. ஏன் இத்தனை மலிவு என்று யோசித்தால் ரசமான காரணம் கிடைக்கும். எழுத்தை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஜனங்கள் அதைச் செலவழிக்காமல் எடுத்து வைத்தார்கள். ஆகவே நூறாண்டு கழித்தும் அது நல்ல நிலையில் ஏராளமாகக் கிடைக்கிறது. 1931-ல் சான்பிரான்சிஸ்கோ அடித்த 8,66,000 காசுக்கும் இதே கதை: குறைவாக அடித்தது தெரிந்ததால் ஆட்கள் பொறுக்கி வைத்துவிட்டார்கள், நல்ல காசாக இன்றும் வாங்கலாம். 1914-ல் டென்வர் நாணயச் சாலை அடித்த 12 லட்சத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அவை ரொட்டிக்கும் டிராமுக்கும் போய்த் தேய்ந்தே தீர்ந்தன. எண்ணிக்கையில் 1931-ஐவிட அதிகம், நல்ல நிலையில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு.

அந்த மலிவான 1909 பிலடெல்பியா காசு ஒன்றுதான் செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. கியூரியாசிட்டி ஊர்தி 2012 ஆகஸ்டில் அங்கே இறங்கியபோது, அதன் கேமரா தன்னைச் சரிபார்த்துக்கொள்ள வைத்த பலகையில் அந்த வி.டி.பி. பென்னியும் இருந்தது. நிலவியலாளர்கள் பாறையைப் படம் எடுக்கும்போது அளவு தெரிய ஒரு காசைப் பக்கத்தில் வைப்பார்கள், அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. 19 மில்லிமீட்டர் விட்டம் என்பது அமெரிக்கர் எவருக்கும் கையே சொல்லும். படங்களில் லிங்கன் முகத்தில் செம்மண் தூசி படிந்திருக்கிறது. எந்தக் கடைக்காரரும் தரம் போட முடியாத ஒரே பென்னி.

பூமிக்கு வருவோம். 1914 டென்வர் காசுக்குப் போலி செய்கிறவர்கள் எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். சில சென்ட்டுக்குக் கிடைக்கும் 1944 டென்வர் பென்னியை எடுத்து, முதல் 4-ல் ஒரு பகுதியைச் சுரண்டி 1 ஆக்கிவிடுவது. முகம் அதே முகம், குறி அதே குறி. ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். 4 இருந்த இடத்தில் 1 வந்ததால் 9-க்கும் 1-க்கும் நடுவே ஏதோ பல் விழுந்தாற்போல் இடைவெளி அகலும். இன்னொன்று, லென்ஸை லிங்கனின் தோளுக்கு நகர்த்தினால் அங்கே வி.டி.பி. இருக்கும். 1914-ல் அந்த எழுத்து கிடையாது. அது 1918-ல்தானே வந்தது. பார்பருக்குப் பிடிக்காமல் போன எழுத்துகள் பிற்காலத்தில் போலிகளைக் காட்டிக்கொடுக்கும் வேலை செய்கின்றன.

1922-ஆம் ஆண்டுக் காசில் இதற்கு நேர்மாறு. அங்கே மதிப்பு இருப்பது இல்லாத எழுத்தில். அந்த ஆண்டு பென்னி அடித்தது டென்வர் மட்டும், ஆகவே எல்லாவற்றிலும் ‘டி’ இருந்தாக வேண்டும். ஆனால் அச்சுகளை அளவுக்கு மீறி ஓட்டினார்கள். நம் வீட்டில் அம்மி தேய்ந்தால் கொத்தி எடுப்பதுபோல அங்கேயும் தேய்ந்த அச்சைத் தேய்த்துத் தட்டிச் சரிசெய்து மறுபடியும் பூட்டினார்கள். அதில் ‘டி’ மெல்ல மெல்ல மங்கி, ஒரு கட்டத்தில் முழுதும் காணாமல் போனது. ‘டி’ மங்கியது சுமார் விலை, அரைகுறையாக மறைந்தது இன்னும் கொஞ்சம். உச்ச விலை ஒரே ஒரு சேர்க்கைக்குத்தான்: முன்பக்க அச்சு ஓய்ந்துபோய் மொழுக்கென்று இருக்க, பின்பக்க அச்சு புதிதாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். காசை முன்னால் பார்த்தால் லிங்கன் உறக்கம் கலையாதவர் மாதிரி இருப்பார். திருப்பினால் கதிரின் ஒவ்வொரு கோடும் கூராக நிற்கும். பொருத்தமில்லாத இந்த இரண்டு பக்கங்கள்தான் அசலுக்குச் சாட்சி. யாரோ வீட்டில் உட்கார்ந்து ‘டி’ எழுத்தைச் சுரண்டியிருந்தால் அந்தச் சோர்வு முகத்தில் வராது.

1943-க்கு வந்தால் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது நிறத்தில். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு எஃகுத் தகட்டில் துத்தநாகம் பூசிப் பென்னி அடித்தார்கள். மூன்று சாலைகளிலும் சேர்த்து 109 கோடி. வெள்ளையாக இருந்ததால் பத்து சென்ட் காசு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. பூச்சு போன இடத்தில் துருவும் பிடித்தது. ஒரே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டுக் காசுக்குத் தோட்டா உறைகளின் பித்தளையும் பயன்பட்டது. வெள்ளைப் பென்னியைக் கண்டெடுக்கும் பிள்ளைகள் புதையல் கிடைத்ததாகத் துள்ளுவார்கள். துருவில்லாமல் இருந்தால் ஐம்பது சென்ட்கூடக் கிடைக்கலாம்.

உண்மையான புதையல் அதன் எதிர்ப்பக்கம்: தவறிப்போய்ச் செம்பில் விழுந்த 1943. முந்தைய ஆண்டின் செம்புத் துண்டுகள் சில இயந்திரத் தொட்டிகளின் இடுக்கில் தங்கி, எஃகுத் துண்டுகளோடு உருண்டு வந்து அச்சாகிவிட்டன. 1947-ல் மாசசூசெட்ஸில் பதினாறு வயதுப் பள்ளி மாணவர் ஒருவருக்குப் பள்ளி உணவகத்தில் மீதிச் சில்லறையாக அப்படியொன்று வந்தது. செம்பு 1943 கொண்டுவருபவருக்கு ஹென்ரி ஃபோர்டு புதுக் கார் தருகிறார் என்று அப்போது ஊரெல்லாம் வதந்தி. அந்த மாணவர் ஃபோர்டு நிறுவனத்தைக் கேட்டுப் பார்த்தார், அது பொய் என்று தெரிந்தது. கருவூலத்துக்கும் எழுதினார். அந்த ஆண்டு அடித்ததெல்லாம் எஃகுதான் என்று பதில் வந்தது. அவர் காசை விடவில்லை. அவர் காலத்துக்குப் பின், 2019 ஜனவரியில், அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. இன்று அதுபோல் ஒன்று வைத்திருப்பதாகச் சொல்பவரிடம் முதலில் கேட்பது காந்தம். எஃகுக் காசுக்குச் செம்புப் பூச்சு போட்டிருந்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் 3-ன் வாலைப் பார்ப்பார்கள். அசல் 1943-ல் அந்த வால் மற்ற எண்களின் அடிவரிசையைத் தாண்டிக் கீழே நீளும். 1948-ன் 8-ஐப் பாதி சுரண்டி 3 ஆக்கினால் அந்த நீளம் வராது.

1955-ன் இரட்டைக் காசைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆனாலும் அதன் வடிவக் கணக்கை ரசிக்காமல் போக மனம் வரவில்லை. காசு அடிக்கும் அச்சை உருவாக்க, மூல உருவத்தை எஃகில் ஒரு தடவைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. பிலடெல்பியாவில் ஓர் அச்சுக்கு இரண்டாவது அழுத்தம் ஒரு துளி திரும்பி விழுந்தது. நடுவை மையமாக வைத்துத் திரும்பியதால் விளிம்பருகே விலகல் அதிகம், மையத்தருகே மிகக் குறைவு. அதனால்தான் மேலே உள்ள வாசகமும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும், ஆண்டும் கண்ணுக்கு அப்பட்டமாக இரண்டிரண்டாகத் தெரிய, லிங்கன் மட்டும் ஒற்றையாக அமைதியாக இருக்கிறார். பிழை தெரியவந்தபோது சுமார் 24,000 காசுகள் மற்ற காசுகளோடு கலந்திருந்தன. பிரித்தெடுப்பது வீண் வேலை என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது சிகரெட் இயந்திரத்தில் கால் டாலர் போட்டால் 23 சென்ட் பெட்டி விழும். மீதி இரண்டு பென்னியைப் பெட்டியின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள். இரட்டைக் காசுகள் பல அந்த வழியாகத்தான் வெளியே வந்தன. இன்று ஆயிரம் டாலருக்கு மேல். அதே ஆண்டில் அச்சுத் தேய்மானத்தால் கடைசி 5 மட்டும் நிழலடித்தாற்போல் தெரியும் காசும் உண்டு. ‘ஏழையின் இரட்டை’ என்று பெயர் சூட்டி ஒன்றிரண்டு டாலருக்கு விற்பார்கள். அது வேறு, இது வேறு. முன்னதில் இரண்டு கூரான விளிம்புகள், பின்னதில் ஒரு கூரும் ஒரு கசிவும். அந்தக் கசிவையும் ரசித்து வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இத்தனை பேர் இத்தனை நுணுக்கமாகப் பார்க்கத் தொடங்கியதற்கு ஓர் அட்டைக்கும் பங்கு உண்டு. 1934-ல், பொருளாதார மந்தத்தின் நடுவே, விஸ்கான்சினில் நீனா என்ற ஊரைச் சேர்ந்த ஜே. கே. போஸ்ட் ஒவ்வோர் ஆண்டுக்கும் சாலைக்கும் ஒரு துளை வைத்துப் பென்னி அட்டை தயாரித்தார். ரசீன் ஊரின் விட்மன் பதிப்பகம் அதை எடுத்து நாடெங்கும் விற்றது. வேலையில்லாத வீட்டில் காசு செலவாகாத பொழுதுபோக்கு வேறென்ன உண்டு? சில்லறையைக் கொட்டு, ஆண்டைப் பார், துளையில் செருகு. எல்லாத் துளையும் நிறைந்து நாலைந்து மட்டும் வாய் பிளந்து நிற்கும்போதுதான் 1914 டென்வர் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. அண்மைக்காலத்திலும் வங்கியில் 25 டாலர் கொடுத்து 2,500 பென்னி உள்ள பெட்டியை வாங்கி, இரவெல்லாம் புரட்டிப் பார்த்து, மறுநாள் திருப்பிக் கட்டியவர்கள் அங்கே உண்டு. ஒரு பெட்டியில் கோதுமைக் காசு சில தேறினால் அன்றைக்குத் திருப்தி.

1959-ல் கோதுமை போய், ஃபிராங்க் காஸ்பரோ செதுக்கிய லிங்கன் நினைவு மண்டபம் வந்தது. புதிய காசில் நடுத்தூண்களுக்கு இடையில் பார்த்தால் உட்கார்ந்திருக்கும் லிங்கன் சிலை கடுகளவில் தெரியும். ஒரே ஆள் இரு பக்கமும் இருக்கிறார். விலை என்னவோ முகமதிப்புதான். 1982-ல் பாதி ஆண்டில் செம்பை விட்டுத் துத்தநாகத்துக்கு மாறினார்கள், மேலே மெல்லிய செம்புத் தோல் மட்டும். எடை 2.5 கிராமாக இறங்கியது. 1982-ன் இரண்டு காசுகளை மேசைமேல் போட்டால் தராசே வேண்டாம்: ஒன்று கணீர் என்னும், இன்னொன்று டொக் என்னும். இந்தப் புதிய காசில் ஒரு கீறல் விழுந்து துத்தநாகம் வெளிப்பட்டால் அரிப்பு உள்ளே புகுந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பழைய செம்பு போல அழகாகத் தேய அதற்குத் தெரியாது.

புழக்கத்துக்கான கடைசிப் பென்னியைப் பிலடெல்பியாவில் 2025 நவம்பர் 12 அன்று அடித்துவிட்டார்கள். ஒரு சென்ட் காசை உண்டாக்க மூன்றரை சென்ட்டுக்கு மேல் செலவானதுதான் காரணம். கடைசியாக அடித்த சிலவற்றில் ஒமேகா குறி பொறித்து ஏலத்துக்கு வைத்தார்கள். 2025 காசுகளைப் பிரிக்காத உருளையாகவே பதுக்கி, நாலு மடங்கு விலை சொல்லும் ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. எல்லோரும் எடுத்து வைக்கும் காசு என்னவாகும் என்பதற்கு 1909 பிலடெல்பியாவே சாட்சி. அப்படிச் சில உருளைகளுக்குப் போகும் பணத்தில் அதே 1909 வி.டி.பி. ஒன்றைக் கோடுகள் கொஞ்சம் மிச்சமுள்ள நல்ல பழுப்பில் வாங்கலாம். இன்னும் இரண்டு மூன்று டாலர் சேர்த்தால் 1943-ன் எஃகுக் காசுகளை மூன்று சாலைக்கும் ஒவ்வொன்றாகத் துருவில்லாமல் பொறுக்கி எடுக்கலாம். ஒரு லென்ஸும் வாங்கிவிடுங்கள்.